மாதிரி ஐ.நா. சபையைத் தமிழில் நடத்தலாமா?

தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கும் டீச்சர் கேட்டிருக்கிறார்: "இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பட்டிமன்றத்துக்குத் தயார் செய்கிறேன். இந்த வருஷம் தலைமையாசிரியர் மாதிரி ஐ.நா. சபை நடத்தச் சொல்கிறார். நகரங்களில் பசுமைவெளி, சுதந்திரமான இதழியல் என்று இரண்டு தலைப்பும் கொடுத்துவிட்டார். எங்கள் பிள்ளைகள் தமிழ் வழி. இங்கிலீஷ் இல்லாமல் இதை நடத்த முடியுமா? இந்தத் தலைப்புகளுக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம்?"

தாராளமாக நடத்தலாம் டீச்சர். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து, ஐ.நா.வில் நடப்பது போலவே பேசி, பேரம் பேசி, தீர்மானம் எழுதி ஓட்டுக்கு விடுகிற பயிற்சிதானே இது. நான் காரைக்குடிக்காரன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக மதுரை, திருச்சி, சென்னை என்று இந்த மாதிரிச் சபைகளில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவன். அங்கே 'சேர்' என்பார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்களுக்கு இங்கிலீஷால் தொந்தரவு வராது. பட்டிமன்றத்தால்தான் வரும்.

காரைக்குடியில் 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து பட்டிமன்றமும் வழக்காடு மன்றமும் நம் பக்கத்துக் காற்றிலேயே கலந்துவிட்டன. மைக்கைக் கண்டு நம் பிள்ளைகள் பயப்படுவதில்லை. ஆனால் பட்டிமன்றத்தில் இரண்டே அணி, நடுவர் தீர்ப்புச் சொல்வார், கைதட்டல் வாங்கியவர் ஜெயித்த மாதிரி. மாதிரி ஐ.நா.வில் எத்தனை நாடோ அத்தனை அணி. சேருக்குச் சொந்தக் கருத்தும் கிடையாது, ஓட்டும் கிடையாது. கைதட்டலால் ஒரு தீர்மானத் தாளும் நகராது.

ஒருமுறை நெதர்லாந்து என்று பெயர்ப்பலகை வைத்திருந்த ஒரு பெண், தனக்குக் கொடுத்த தொண்ணூறு விநாடியில் அரங்கத்தையே அதிர வைத்தாள். அடுத்தது 'அன்மாடரேட்டட் காக்கஸ்'. அதாவது எல்லாரும் எழுந்து நடந்து, கூடிக் கூடிப் பேசுகிற நேரம். அவளிடம் யாருமே வரவில்லை. செனகல் பையன் ஒருத்தன் மேடையில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவன், பரீட்சை அட்டையில் ஒரு தாளைச் செருகிக்கொண்டு மேசை மேசையாகப் போனான். "உங்க பாயிண்ட்டையும் இதுல சேர்த்துக்கிறேன், கையெழுத்துப் போடுங்க." சாயங்காலம் நிறைவேறிய தீர்மானத்தில் பாதிக்குமேல் அவன் எழுத்து. கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போனவர்கள் ஊரில் பேரத்தைப் பாடமாக எடுக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான். ஆனாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்தப் பயிற்சி ஐ.நா.வை விடவும் மூத்தது. 1920-களில் உலக நாடுகள் சங்கம் இருந்தபோதே மேல்நாட்டுக் கல்லூரிகளில் அதை நடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டின் தேசிய மாநாடு 1955-லிருந்து நடக்கிறது. நம் ஊர்த் தனியார் பள்ளிகளுக்கு வரும்போது அது கோட்டு, டை, டெலிகேட் ஃபீஸ் என்று ஆகிவிட்டது. உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். யூனிஃபார்ம் போதும்.

மொழிக்கு வருகிறேன். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் தமிழ் இல்லை என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். ஐ.நா. தீர்மானம் எத்தனை பக்கம் ஓடினாலும் இலக்கணப்படி ஒரே வாக்கியம். 'பொதுச்சபை' என்ற எழுவாயில் தொடங்கிக் கடைசியில்தான் முற்றுப்புள்ளி. தமிழாசிரியருக்கு இது கை வந்த கலை. முகவுரைப் பத்திகள் எல்லாம் வினையெச்சம்: "நினைவுகூர்ந்து", "கருத்தில் கொண்டு", "கவலையோடு நோக்கி". செயல் பத்திகள் எல்லாம் வினைமுற்று: "வரவேற்கிறது", "கேட்டுக்கொள்கிறது", "வலியுறுத்துகிறது". இரண்டு பீரியடில் நடத்தி முடித்துவிடலாம். பத்திர ஆபீஸ் வாசலில் எழுதும் கிரயப் பத்திரம் ஒன்றைக் காட்டினால் இன்னும் சுலபம். "நாளது தேதியில்... மனப்பூர்வமாகச் சம்மதித்து..." என்று மூச்சு விடாமல் ஓடும் அந்த நடைதான் இதுவும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. இங்கிலீஷில் ஒவ்வொரு பத்தியும் வினைச்சொல்லில் தொடங்கும், அதன் பலம் எடுத்தவுடன் தெரிந்துவிடும். தமிழில் வினை கடைசியில். பத்தியை ஆர்வமாகக் கேட்டுக்கொண்டே வந்து கடைசியில் "ஊக்குவிக்கிறது" என்று முடியும்போதுதான், இதில் கட்டாயம் ஒன்றுமில்லை என்று தெரியும். அதனால் பிள்ளைகளிடம், எந்தத் தாள் கைக்கு வந்தாலும் கடைசிச் சொல்லை முதலில் படிக்கச் சொல்லுங்கள். பொதுச்சபைத் தீர்மானம் நாடுகளுக்கு வேண்டுகோள்தான். கட்டுப்படுத்தும் முடிவெடுக்கிற அதிகாரம் பதினைந்து பேர் கொண்ட பாதுகாப்புக் கவுன்சிலுக்கு. "உத்தரவிடுகிறது" என்று எழுதி வருகிற பிள்ளையிடம், "எந்த அதிகாரத்தில்?" என்று ஒரு கேள்வி போதும்.

இனி பசுமைவெளி. இதற்கு ஐ.நா. வாழ்விட அமைப்பின் (யு.என்.-ஹாபிடாட்) பேரவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 11-வது இலக்கின் ஏழாவது உட்பிரிவுதான் அடிப்படை: 2030-க்குள் எல்லாருக்கும், குறிப்பாகப் பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு, பாதுகாப்பான பசுமை வெளியும் பொது வெளியும் கிடைக்க வேண்டும். அதில் மரத்தின் எண்ணிக்கை எங்கேயும் இல்லை, கவனியுங்கள். உள்ளே போக முடிகிறதா என்பதுதான் கேள்வி. அழகப்பச் செட்டியார் கொடுத்த முந்நூறு ஏக்கரில் காரைக்குடியில் எழுந்த மின்வேதியியல் ஆய்வகத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது. ஆராய்ச்சி வளாகம், அதனால் கேட் உண்டு, காவல் உண்டு, இருக்கத்தான் வேண்டும். அங்கே நிற்கும் மரங்களை நகரின் 'பசுமைவெளி'க் கணக்கில் சேர்க்கலாமா, கூடாதா? இதற்கு ஒரே விடை கிடையாது. முதல் ஒரு மணி நேரம் இதிலேயே போனாலும் போகட்டும். எந்தக் குழுவிலும் முதல் சண்டை வரையறைச் சண்டைதான்.

அடுத்த சண்டை எண்ணில். "ஆளுக்கு 9 சதுர மீட்டர் பசுமைவெளி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது" என்று குறைந்தது பத்துப் பிள்ளைகள் எழுதி வருவார்கள். எந்த ஆவணத்தில், எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய எண் அது. அந்த நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2017-ல் வெளியிட்ட கையேட்டில் இருப்பது வேறு: வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், ஏறத்தாழ ஐந்து நிமிட நடையில், அரை ஹெக்டேராவது உள்ள பொதுப் பசுமைவெளி. அரை ஹெக்டேர் என்றால் நம் கணக்கில் ஒன்றேகால் ஏக்கர். நம் மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டி ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் என்கிறது. மூன்று எண்ணையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, எதை நம்பலாம் என்று அவர்களையே பேச விடுங்கள். இதழியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

'நகரம்' என்றாலே சென்னை என்று நினைப்பார்கள். காரைக்குடியே 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது என்பதை நினைவூட்டுங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில் ஏதாவது ஒரு ஊரணிக்குக் கூட்டிப் போங்கள். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு உண்டு, வளவு உண்டு, இரண்டாங்கட்டு உண்டு. தோட்டம் என்று பெரிதாகக் கிடையாது. சுவரும் சுவரும் ஒட்டி, தெருவுக்குத் தெரு நேர்கோடு. பச்சையெல்லாம் வெளியே, பொதுவில்: ஊரணிக்கரை, கண்மாய்க்கரை, கோயில் நந்தவனம். கூரையில் விழும் மழை முற்றத்துக்கு வந்து, அங்கிருந்து தெருக்கால்வாய் வழியாக ஊரணிக்குப் போகும்படி ஊரையே வாட்டம் பார்த்து அமைத்திருக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பச்சை என்று பங்கு போடாமல், ஊருக்கே சேர்த்து வைத்த ஏற்பாடு. இந்த ஊர்த் தொகுதிகள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன.

ஊரணியில் பிள்ளைகள் பார்க்க வேண்டியது மூன்று. வரத்துக்கால் திறந்திருக்கிறதா, மண் மூடிவிட்டதா? படித்துறைக்கு ஒரு பாட்டியால் இறங்க முடிகிறதா? எல்லைக்கல் எங்கே? மூன்றாவதுதான் கடினம். வருவாய்க் கணக்கில் அது நீர்நிலைப் புறம்போக்கு. எல்லாருக்கும் சொந்தமான நிலத்தின் பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம் என்பதை நீங்கள் தமிழ் வகுப்பிலேயே சொல்லியிருப்பீர்கள். புது மனைப்பிரிவுகளிலும் இதே கதை. பெரிய லேஅவுட் போடுகிறவர் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று விதி. ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். அது எந்த மூலையில் இருக்கிறது என்று அந்தத் தெருக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை அந்தத் தெருவாசிகள் எதிர்த்து நின்றார்கள், 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. தெருக்காரர்களுக்குத் தகவல் தெரிந்திருந்ததால்தான் அந்த வழக்கே வந்தது.

இதைப் பேச்சோடு விடாமல் பத்தியாக்க வேண்டும். பிள்ளைகளின் முதல் வரைவு எப்போதும் "எல்லா நாடுகளும் மரம் நட வேண்டும்" என்றுதான் இருக்கும். யார், எங்கே, யார் காசில், யார் சரிபார்ப்பது என்று நான்கு கேள்வி கேளுங்கள். அந்தச் செனகல் பையனின் தாள் கடைசியில் இப்படி வந்து நின்றது: "நகரங்களில் உள்ள பொதுத் திறந்தவெளிகளின் சர்வே எண், பரப்பு, எல்லை ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை உள்ளூர் மொழியில் வெளியிடுமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது." 'உள்ளூர் மொழியில்' என்பது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனே செருகிய சொல். அதற்காக இரண்டு நாடுகள் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டன. அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

இதழியலுக்கு யுனெஸ்கோ பொருத்தம். அடிப்படை ஆவணம் 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம், 19-வது பிரிவு. நம் அரசியலமைப்பிலும் கருத்துச் சுதந்திரம் 19-வது பிரிவில்தான் வருகிறது. தற்செயல்தான், ஆனால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். 1991-ல் நமீபியாவின் விண்ட்ஹோக்கில் ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்கள் கூடி ஒரு பிரகடனம் செய்தார்கள். அது நடந்த மே 3-தான் இன்று உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். 2013-ல் மாலி நாட்டில் இரண்டு பிரெஞ்சுப் பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்ட நவம்பர் 2, பத்திரிகையாளருக்கு எதிரான குற்றங்கள் தண்டனையின்றிப் போவதை முடிவுக்குக் கொண்டுவரும் தினம். தேதிகள் இவ்வளவு போதும்.

பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "எங்கள் நாட்டில் பத்திரிகைச் சுதந்திரம் கிடையாது" என்று எந்த நாடும் சபையில் சொல்லாது. "தேசப் பாதுகாப்பு", "பொது ஒழுங்கு", "பொய்ச் செய்தி", "எங்கள் பண்பாடு" என்றுதான் சொல்லும். தனியார் பத்திரிகைகளையே மூடிவிட்ட எரித்ரியாவுக்காகப் பேச வேண்டிய பிள்ளை எரித்ரியாவைத் திட்டிவிட்டு உட்கார்ந்தால் அது பட்டிமன்றம். நம்பாத ஒன்றை, நம்புகிறவர் போல, பொய் சொல்லாமல் பேசுவது எப்படி என்பதுதான் இங்கே பயிற்சி. அதற்கு நம் மாகாணத்து வழக்கு ஒன்றையே காட்டலாம். பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் உள்ளே வரக் கூடாது என்று மதராஸ் அரசு தடை போட்டது. 1950-ல் ரமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அடுத்த வருஷமே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து, கட்டுப்பாட்டுக்கான காரணங்களில் 'பொது ஒழுங்கு' என்ற சொல்லைச் சேர்த்தது, 'நியாயமான' என்ற சொல்லையும் சேர்த்தது. ஒரு சொல் அரசுக்கு, ஒரு சொல் பத்திரிகைக்கு. உங்கள் சபையிலும் கடைசியில் இந்த இரண்டு சொல்லுக்குத்தான் மல்லுக்கட்டுவார்கள்.

'சுதந்திரமான' என்ற சொல்லையும் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். யாருடைய பணத்திலிருந்து சுதந்திரம்? 1920-களில் காரைக்குடியிலிருந்து ராய. சொக்கலிங்கத்தின் 'ஊழியன்', சொ. முருகப்பாவின் 'குமரன்' என்று இதழ்கள் வந்தன. வாசகரும் புரவலரும் பெரும்பாலும் சொந்தச் சமூகமான நகரத்தார், கேள்வி கேட்டதும் அந்தச் சமூகத்தின் வழக்கங்களைத்தான். இன்றைக்கு நம் ஊர்களில் பகுதிநேர நிருபருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தீபாவளி மலருக்கு விளம்பரமும் அவரே பிடித்துத் தர வேண்டும். நகைக்கடையில் விளம்பரம் வாங்கியவர் அந்த நகைக்கடைக் கட்டடம் வரத்துக்காலை மறித்திருப்பதை எழுதுவாரா? இந்தக் கேள்விக்கு முன்னால், பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் பேர்போன நார்வேயும் இந்தியாவும் ஒன்றுதான். 1919-ல் பாரதி காரைக்குடிக்கு வந்து இந்து மதாபிமான சங்கத்தாரோடு படம் எடுத்துக்கொண்டதை எல்லாரும் சொல்வோம். அவர் நடத்திய 'இந்தியா' பத்திரிகை மேல் 1908-ல் வழக்கு வந்தபோது, எழுதியவர் புதுச்சேரி போய்விட்டார், பதிவில் பெயர் இருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார் என்பதைச் சொல்வது குறைவு. எழுத்துக்கு விலை கொடுப்பது யார் என்று பேசும்போது சீனிவாசனும் வரட்டும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, இரண்டு தலைப்பையும் எப்படிச் சேர்ப்பது. சேர்க்க வேண்டியதே இல்லை, ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கின்றன. வாழ்விட அமைப்பின் தலைமையகம் இருப்பது கென்யாவின் நைரோபியில். அதே நைரோபியின் உஹுரு பூங்காவில் 1989-ல் அறுபது மாடிக் கட்டடம் எழுப்பத் திட்டம் போட்டார்கள். சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாய் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி எதிர்த்தார், நாடாளுமன்றத்திலேயே அவரைக் கேலி செய்தார்கள், கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. 2004-ல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு. இதில் பலர் கவனிக்காத விஷயம், அந்தக் கட்டடம் ஆளுங்கட்சியின் பத்திரிகைக்காகவும்தான் வர இருந்தது. பூங்காவை விழுங்க வந்ததே ஒரு செய்தித்தாள்! 2013-ல் இஸ்தான்புல்லின் கெசி பூங்காவைக் காப்பாற்ற மக்கள் தெருவில் இறங்கியபோது, செய்தித் தொலைக்காட்சி ஒன்று பென்குவின் பற்றிய படத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் பென்குவினே போராட்டச் சின்னம் ஆகிவிட்டது. மதியத்துக்கு மேல் இரண்டு குழுவையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்து, கென்யாவையும் துருக்கியையும் முதலில் பேச விடுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

நாடு பிரிக்கும்போது, எல்லாரும் கேட்பார்கள் என்பதால் இந்தியாவை நன்றாகப் பேசுகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். 'எல்லைகளற்ற நிருபர்கள்' அமைப்பு வெளியிட்ட 2025-இன் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 180 நாடுகளில் நாம் 151-வது. அந்தக் கணக்கிடும் முறையையே நம் அரசு ஏற்கவில்லை. இரண்டையும் கோபப்படாமல் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கொடுங்கள். மியான்மரைக் கட்டாயம் சேருங்கள். பர்மாத் தேக்குத் தூண் நிற்கும் வீடுகளைத் தாண்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கே செய்தி நிறுவனங்களின் உரிமம் பறிபோனது, நிருபர்கள் சிறைக்குப் போனார்கள். நியூயார்க்கிலோ பழைய அரசு நியமித்த தூதரே ஐ.நா. இருக்கையில் தொடர்ந்தார். அப்படியானால் மியான்மர் பலகைக்குப் பின்னால் உட்காரும் பிள்ளை யாருக்காகப் பேசுவது? வீட்டுப் பெரியவர்களிடம் ரங்கூன் கதை கேட்டு வரச் சொன்னால் இன்னும் நல்லது.

அறுபது பிள்ளைகள் என்றால் குழுவுக்கு இருபத்தைந்து பேர், சேராக நான்கு பேர், மீதி ஆறு பேர் பத்திரிகைக் குழு. இந்த ஆறு பேரை ஒப்புக்குச் சேர்த்ததாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறையிலும் உட்கார்ந்து கேட்டு, மதியத்துக்குள் ஒரு ஏ4 தாளில் செய்தி எழுதி, ஜெராக்ஸ் போட்டு மேசைக்கு மேசை கொடுக்க வேண்டும். இதில் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்ததால் எட்டு நாடுகளுக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை என்று பத்திரிகைக் குழு எழுதியிருந்தது. அத்தனையும் உண்மை. நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து எண்பது தாளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். அதே நேரம் என் அறையில் முன்தணிக்கையைக் கண்டித்து மூன்றாவது செயல் பத்தி ஓட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் ஒரு பெண் பலகையைத் தூக்கினாள். "தலைவர் அவர்களே, நம்ம பத்திரிகை எங்கே?"

எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "அது இந்தக் குழுவின் வரம்புக்குள் வராது" என்றேன். அவள் உட்காரவில்லை. "ஐ.நா. சாசனம் இரண்டாவது பிரிவு, ஏழாவது உட்பிரிவா சார்? உள்நாட்டு விவகாரமா?" என்றாள். ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடக் கூடாது என்கிற பிரிவு அது. அறை முழுக்கச் சிரிப்பு. அந்தப் பத்தி ஒரு ஓட்டுக்கூட எதிராக விழாமல் நிறைவேறியது. தாள்கள் மட்டும் திரும்பி வரவே இல்லை.

ஆகவே அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன், பத்திரிகைக் குழுவின் தாளை ஜெராக்ஸுக்கு முன்னால் ஆசிரியர் உட்பட யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள் என்று ஒரு வரி எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள். அவர் யோசித்தால், கடைசிச் சொல்லை "கேட்டுக்கொள்கிறது" என்று மாற்றிப் பேரம் பேசிப் பாருங்கள் டீச்சர். அதற்குக் கீழே இறங்காதீர்கள்.